சோணையம்மாளின் எட்டாம் நம்பர் டிராக்டர்

மார்கழி பிறந்துவிட்டால் மதுரைப் பக்கம் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். பெண் பார்ப்பதில்லை, வீடு குடிபோவதில்லை, வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதுகூட இல்லை. 1998-ஆம் வருஷம் மார்கழி நாலாம் தேதி காலையில் சோணையம்மாள் அவனியாபுரத்துக்கு பஸ் ஏறியதற்கு அதுதான் காரணம்.

அவனியாபுரத்தில் ராஜாராம் பழைய டிராக்டர்களை வாங்கி, பழுது பார்த்து விற்று வந்தார். செல்லூரில் தறி போட்டிருந்த சௌராஷ்டிரக் குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பி எல்லாரும் நூலும் பாவுமாக இருக்க, இவர் ஒருவர் மட்டும் கிரீஸும் ஸ்பேனருமாக ஊருக்குத் தெற்கே வந்துவிட்டார். பட்டறை வாசலில் ஒரு பெண் தனியாக நிற்பதைப் பார்த்ததும், மோட்டாருக்கு வயர் கேட்டு வந்தவள் என்றுதான் நினைத்தார்.

"பழைய டிராக்டர் வேணும்ணே. நெல்லடிக்கிற மெஷின் இழுக்க."

"யாரும் வராத மாசத்துல வந்திருக்கியேம்மா?"

"யாரும் வராத மாசத்துலதான நீங்க நின்னு பேசுவீங்க? தை பொறந்துட்டா எனக்கு ஒரு டீ சொல்லக்கூட ஒங்களுக்கு நேரமிருக்காது."

ராஜாராம் சிரித்துவிட்டு டீ சொன்னார்.

சோணையம்மாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒடுவங்குளம் அவள் ஊர். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கதிர் அடிக்கிற கூலி வேலைக்குப் போனவள். பத்து வருஷத்தில் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக் கொத்து ஒன்று அமைத்து, அதற்குத் தானே தலைவியாக இருந்தாள். கையால் அடித்தால் நாலு நாள் ஆகிற கதிர்ப் போரை மெஷின் அரை நாளில் முடிப்பதைக் கண்ணால் பார்த்த அன்றே, அதைத் தானே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். சீட்டுப் பணமும் கழுத்துச் சங்கிலியுமாகச் சேர்த்து, இரண்டு வருஷத்துக்கு முன் பழைய மெஷின் ஒன்றை வாங்கியும் விட்டாள். டிராக்டரையும் வரப்போரத்தில் ஓட்டிப் பழகி, லைசென்ஸ் எடுத்துக்கொண்டாள். லைசென்ஸுக்குப் போன அன்று அதிகாரி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். "நாந்தான் சார்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தவள் அவள்.

மெஷின் இருந்தது. அதை இழுக்க வண்டி இல்லை. புருஷன் நல்லகாமனின் பங்காளி ஆண்டிச்சாமி தன் டிராக்டரை வாடகைக்குக் கொடுத்து வந்தான். போன தையில் அதற்கும் வந்தது வினை. ஒடுவங்குளத்தில் வயலுக்குப் போக ஒரே வழி கண்மாய்க் கரைதான். கரைமேல் ஏறிப் போய், மடைக்குப் பக்கத்தில் செங்குத்தான இறக்கத்தில் இறங்க வேண்டும். இரண்டு டன் மெஷின் பின்னாலிருந்து தள்ள, ஆண்டிச்சாமியின் டிராக்டர் இறக்கத்தில் பிடி விட்டுக் குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்டது. அதை எடுக்க நாலு நாளானது. அதற்குள் மழை பிடித்து, அறுத்துப் போட்ட கதிரெல்லாம் களத்திலேயே முளை விட்டது.

அறுவடை முடிந்ததும் ஊரார் கூடிப் பேசினார்கள். இறக்கத்தின் அடியில் இருக்கும் முதல் வயல் கைலாசநாதனுடையது. அவர் தல்லாகுளத்தில் கோர்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் வயலை அறுத்து வழிவிட்டால்தான் மெஷின் மற்றவர்கள் வயலுக்குப் போக முடியும். அதனால் அறுவடை விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"அடுத்த தையில ஒழுங்கான வண்டியோட வா, சோணையம்மா. இல்லேன்னா நாங்க வாடிப்பட்டிலேர்ந்து வேற மெஷின் சொல்லிடுவோம். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார் அவர்.

ஒரு தை கைவிட்டுப் போனால் அடுத்த தையும் போகும். வேற்றூர் மெஷின் ஒரு முறை கரை இறங்கிவிட்டால் பிறகு அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சோணையம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும்.

ராஜாராம் இரண்டு டிராக்டர்களைக் காட்டினார். ஒன்று நீலம். ஐம்பது ஹெச்.பி., புது பெயிண்ட், குஷன் சீட்டு. மற்றொன்று பட்டறைக் கடைசியில் வேப்பமரத்தடியில் நின்ற சிவப்பு. முப்பத்தைந்து ஹெச்.பி.தான். நிறம் வெளுத்து, முகமெல்லாம் சேறு காய்ந்து கிடந்தது.

சோணையம்மாள் இஞ்சினைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தாள். டிராக்டருக்கு இரண்டு பிரேக் உண்டு. இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. உழும்போது தனித்தனியாக மிதித்து வண்டியைத் திருப்பலாம். ரோட்டில் ஓட்டும்போது இரண்டையும் கொக்கியால் சேர்த்து மாட்டிவிட வேண்டும். நீல வண்டியில் அந்தக் கொக்கியையே காணோம். இடது பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது. வலதுபக்க ரப்பர் கடையில் வாங்கியது போல இருந்தது.

"இது தொளியடிச்ச வண்டிதானண்ணே?"

"எப்பிடிச் சொல்ற?"

"சேத்துல ஒரே பக்கமா திருப்பித் திருப்பி உழுதிருக்கான். ஒரு பிரேக்கு செத்துப்போச்சு, இன்னொண்ணு இன்னும் வயசுக்கே வரல."

உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்த ராஜாராமின் மனைவி பத்மாசினி தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவரும் அதே மொழியில் ஏதோ பதில் சொன்னார். வார்த்தை புரியாவிட்டாலும், பேச்சு தன்னைப் பற்றித்தான் என்பதும், பத்மாசினி தன் பக்கம்தான் என்பதும் சோணையம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"பிரேக்கைப் புதுசா போட்டுத் தாரேன்மா. அது ஒரு விஷயமே இல்ல."

"போட்டுருங்க. போட்டுட்டு ரெண்டு வண்டியையும் எங்க ஊருக்குக் கொண்டாங்க. டீசல் என் செலவு. மெஷினைப் பின்னால மாட்டி எங்க கரையில எறக்கிப் பாத்துட்டுத்தான் வெலை பேசுவேன்."

"அடேயப்பா! மாப்பிள்ளையை இப்பிடிச் சோதிச்சிருந்தா ஊர்ல ஒரு கல்யாணமும் நடந்திருக்காது."

"மாப்பிள்ளைய திருப்பி அனுப்ப முடியாது. அதான் வண்டியையாச்சும் பாத்து எடுக்கணும்ல?"

மார்கழியில் வேறு வேலையும் இல்லாததால் ராஜாராம் ஒத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் ராஜாராமும் அவருடைய மெக்கானிக்கும் ஆளுக்கொரு வண்டியை ஓட்டிக்கொண்டு ஒடுவங்குளம் வந்தார்கள். நல்லகாமன் மெஷினைத் துடைத்து வைத்துக் காத்திருந்தான். சத்தம் கேட்டு ஆண்டிச்சாமியும் வந்துவிட்டான். வாடகை போகப் போகிறதே என்ற வருத்தம் அவனுக்கு இருந்தது. ஆனாலும் வண்டி பார்க்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

முதலில் நீலம். சோணையம்மாள் ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டதும், பின்னால் மெஷின் இருப்பதே தெரியாதது போலக் கரைமேல் ஏறியது.

"மதினி, இதையே எடுத்துருங்க!" என்று ஆண்டிச்சாமி கத்தினான். "குதிரை கணக்கா போகுது! நம்பரையும் கூட்டிப் பாத்துட்டேன், ஒம்பது! ராசியான வண்டி!"

மடைக்குப் பக்கத்தில் இறக்கம் வந்தது. பாதி இறக்கத்தில் அவள் பிரேக்கை மிதித்தாள். புது பிரேக் பிடிக்கத்தான் செய்தது. சக்கரமும் நின்றது. ஆனால் நின்ற சக்கரத்தோடு வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மெஷின் பின்னாலிருந்து முட்ட, டிராக்டரின் பின்பக்கம் லேசாக ஒருபக்கம் ஒதுங்கியது. அவள் பிரேக்கைச் சட்டென்று விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கைலாசநாதனின் வயல் வரப்புக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றாள். போன தையில் தான் மாட்டியதும் இதே இடம் என்பது ஆண்டிச்சாமிக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ராஜாராம் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"பிரேக்கு நல்லாத்தானே இருக்கு!"

"பிரேக்கு நல்லாத்தான் இருக்குண்ணே. வண்டியிலதான் கனம் இல்ல. பின் சக்கரத்துல மாட்டுற இரும்புக் கட்டியெல்லாம் எங்க?"

"முன்னால வச்சிருந்தவன் கழட்டி எடைக்குப் போட்டுட்டான் போல."

அடுத்து சிவப்பு. புகை கக்கிக்கொண்டு, வயசான ஆள் படி ஏறுவது போல நின்று நிதானித்து ஏறியது. நல்லகாமன் பின்னாலேயே நடந்து வந்து, "இது எங்க இழுக்கப் போகுது" என்று முனகினான். ஆனால் அதன் பின் சக்கரம் இரண்டிலும் இரும்பு எடைகள் அப்படியே இருந்தன. டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பியிருந்தது. இறக்கத்தின் நடுவில் சோணையம்மாள் மிதித்தாள். மெஷின் ஒரு முறை முட்டியது. வண்டி நின்றது. அவள் பெடலைப் பூட்டிவிட்டு, இஞ்சினை அணைத்து, கியரையும் எடுத்துவிட்டு இறங்கி, எட்டி நின்று பார்த்தாள். பத்து நிமிஷம் பார்த்தாள். சுவருக்கு முட்டுக்கொடுத்த கல்தூண் போல நின்றது.

"இதுதாண்ணே."

ராஜாராம் உடனே விலை சொல்லவில்லை. தோளிலிருந்த துணியை எடுத்து நம்பர் பிளேட்டின் சேற்றைத் துடைத்தார்.

"ஒண்ணைச் சொல்லிடறேன்மா. மறைச்சு விக்கிற பழக்கம் எனக்கில்ல. 4229. கூட்டிப் பாரு."

நல்லகாமன் விரல் விட்டான். நாலும் ரெண்டும் ஆறு, எட்டு, பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. கூட்டிய விரலை மடக்காமல் அப்படியே நின்றான்.

எட்டு என்றால் சனி என்பார்கள். புது வண்டி எடுக்கிறவன் எட்டு வராத நம்பருக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸில் காத்துக் கிடப்பான். பழைய வண்டி வாங்க வருகிறவன் இஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பரைத்தான் கூட்டுவான். இந்தச் சிவப்பு வண்டி ராஜாராமின் வேப்பமரத்தடியில் இரண்டு வருஷமாக நின்றதும் அதனால்தான். அவர் கேட்ட விலை நீல வண்டியின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

"முன்னால யாருண்ணே வச்சிருந்தது?"

"திருமங்கலத்துக்கு அங்கிட்டு ஒரு சம்சாரி. பதிமூணு வருஷம் ஓட்டினார். ஒரே கை."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? இதை என்கிட்ட தள்ளிட்டுப் புதுசு ஒண்ணு எடுத்திருக்கார்."

"பதிமூணு வருஷமும் இதே எட்டுதான ஓடுச்சு?" என்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள் சோணையம்மாள். "ஏய்யா, நம்ம கல்யாணமே எட்டாந்தேதிதான?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றான் நல்லகாமன்.

ராஜாராம் சிரிப்பை அடக்க முடியாமல் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். விலை அங்கேயே முடிந்தது. "பொங்கலன்னைக்கு வராதீங்க" என்றார் போகும்போது. "ஜல்லிக்கட்டுக் கூட்டத்துல எங்க ஊர்ல சைக்கிள்கூடப் போக முடியாது. மறுநாள் வாங்க."

வீட்டுக்கு வந்ததும் நல்லகாமன் தன் முடிவைச் சொன்னான். "நீ ஓட்டு. நான் வேலை செய்யிறேன். ஆனா அந்த வண்டியில மட்டும் ஏற மாட்டேன்."

மாட்டுப்பொங்கலன்று சிவப்பு டிராக்டர் ஒடுவங்குளம் வந்தது. மாட்டைக் குளிப்பாட்டிய கையோடு அதையும் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டார்கள். மறுநாள் கைலாசநாதன் வயலில் அறுவடை. ஆர்.சி. புக்கைப் பேர் மாற்ற வேண்டும் என்பதால், எழுத்து வேலை தெரிந்தவர் என்று சோணையம்மாள் அதைக் காலையிலேயே கைலாசநாதனிடம் கொடுத்துவைத்தாள். மெஷினுக்கு எண்ணெய் விடுவதிலும் பெல்ட்டை இழுத்துக் கட்டுவதிலும் இருந்ததால், வண்டியின் முன்பக்கத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை.

இறக்கத்துக்கு அடியில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். போன வருஷம் முளைத்த நெல்லை எல்லாரும் மறந்துவிடவில்லை. சோணையம்மாள் மெஷினோடு கரைமேல் வந்து, இறக்கத்தில் மெதுவாக இறங்கினாள். பாதி தூரம் வந்ததும், கீழே நின்ற கைலாசநாதன் கையை உயர்த்தினார்.

"நிறுத்து, நிறுத்து! அங்கயே நிறுத்து!"

நிறுத்தினாள். அவர் ஏறி வந்து வண்டிக்கு முன்னால் நின்று, கையிலிருந்த ஆர்.சி. புக்கையும் நம்பர் பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நாள் முழுக்கக் காகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை அவருக்கு.

"சோணையம்மா, புக்ல நாலு ரெண்டு ரெண்டு ஒன்பதுன்னு இருக்கு. வண்டில நாலு ரெண்டு ரெண்டு எட்டுன்னு இருக்கே?"

சோணையம்மாள் பெடலைப் பூட்டிவிட்டு இறங்கி வந்து பார்த்தாள். கடைசி ஒன்பதின் வாலை யாரோ வெள்ளைப் பெயிண்டால் சுழித்து வட்டமாக்கி எட்டாக்கியிருந்தார்கள். அவள் திரும்பி நல்லகாமனைப் பார்த்தாள். நல்லகாமன் கண்மாயில் தண்ணீர் எம்புட்டுக் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் மாட்டுக்குக் கொம்பில் அடித்த வெள்ளைப் பெயிண்ட் அவன் நகத்தில் இன்னும் போகவில்லை.

"என்னய்யா இது?"

"கூட்டினா ஏழு வருது" என்றான், கண்மாயைப் பார்த்தபடியே. "ஏழு ஏழுமலையான் நம்பர்."

"எட்டைப் போக்க எட்டையா எழுதுவ?"

"ஒம்பதுல அதான்டி ஈசியா வந்துச்சு!"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கைலாசநாதன் மட்டும் சிரிக்கவில்லை. "இது வெளையாட்டில்லப்பா. போலி நம்பர். வண்டியோட உன்னையும் சேத்துப் பிடிச்சுண்டு போவான்."

சோணையம்மாள் டூல் பெட்டியிலிருந்து துணியை எடுத்து, டீசலில் நனைத்து, பிளேட்டைத் தேய்த்தாள். முழுக்கக் காயாத பெயிண்ட் என்பதால் நகம் பட்டதுமே உரிந்து வந்தது. எட்டு மறுபடி ஒன்பதானது. இப்போது கூட்டத்தில் பாதிப் பேர் விரல் விட ஆரம்பித்தார்கள். அவள் அவர்களைக் கூட்டிமுடிக்க விடவில்லை.

"கூட்டிச் சிரமப்படாதீங்க. எட்டுதான். தெரிஞ்சேதான் வாங்கினேன். இழுக்கிற வண்டி நூறு கெடைக்கும். இந்தக் கரையில நிக்கிற வண்டி எனக்கு இது ஒண்ணுதான் கெடைச்சுச்சு. வேணாம்னா இப்பவே சொல்லுங்க. திருப்பிக்கிட்டுப் போயிட்டே இருக்கேன்."

எல்லாரும் கைலாசநாதனைப் பார்த்தார்கள். முதலில் பேசியது ஆண்டிச்சாமிதான்.

"சார், அறுவடையே ஒங்க வயல்லதான் ஆரம்பம். எட்டாம் நம்பரை மொதல்ல எறக்குறது..."

கைலாசநாதன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவர் பார்வை வண்டியின் சீட்டுக்குப் போனது. சீட்டில் யாரும் இல்லை.

"இஞ்சின் ஓடலையே?"

"அணைச்சுட்டேன் சார்."

"கியர்ல விட்டிருக்கியா?"

"இல்ல சார். பிரேக்குதான் புடிச்சிருக்கு."

இரண்டு டன் மெஷினுக்கு நேர் கீழே, இறக்கத்தின் நடுவில் தான் இவ்வளவு நேரமும் நின்று நம்பர் படித்துக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பதறாமல், ஆனால் நிற்காமலும், இரண்டு எட்டு ஒதுங்கி ஓரமாக நின்றார். ஆர்.சி. புக்கை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆண்டிச்சாமி, போன வருஷம் உன் வண்டி நம்பர் என்னடா?"

"கூட்டினா ஒண்ணு சார்."

"ராசியான நம்பர். நாலு நாள் கரையிலயே நின்னுது. இது நாம நிறுத்தின எடத்துல நிக்கறது. ஏறு சோணையம்மா. ஏறி எறக்கு."

அவள் ஏறினாள். வண்டி புகையைக் கக்கியது, மெஷின் ஒரு முட்டு முட்டியது, சக்கரம் ஒரு சாண்கூட வழுக்காமல் வயலுக்குள் இறங்கியது. கதிர் முன்பே அறுத்துக் கிடந்ததால் அரைமணி நேரத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. முதல் மரக்காலை அளந்தவர் ஒன்று என்று சொல்லாமல், வழக்கம் போல "லாபம்" என்று சொல்லி அளந்தார். சாயங்காலத்துக்குள் கைலாசநாதனின் ஆறு ஏக்கரும் முடிந்து, மற்ற வயல்களுக்கு வழி திறந்தது. அடுத்த கண்மாய்க்காரர்கள் அன்றைக்கே வந்து நாள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நல்லகாமன் சொன்ன சொல் தவறாதவன். ஒடுவங்குளத்து வயல்கள் முடிகிற வரை மூன்று நாளும் மெஷினுக்குப் பின்னால் நடந்தே வந்தான். நாலாம் நாள் அடுத்த கண்மாய்க்குப் போக வேண்டும். ஆறு மைல் தார் ரோடு, மாசி போல வெயில். ஒரு மைல் வரை பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சோணையம்மாள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இரண்டாவது மைலில் சத்தம் நின்றது. மட்கார்டில் பொத்தென்று ஒரு கனம் விழுந்தது.

"ஏறிட்டியாய்யா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றான் நல்லகாமன்.